அடுப்பு தானாக அணைகிறதா? சென்சாரைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள்

சேலத்து வீடுகளில் பாதுகாப்பு வசதி வைத்த அடுப்புகள் வர ஆரம்பித்துவிட்டன. தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் அடுப்பு, சூடு மிஞ்சினால் நின்றுபோகும் இண்டக்‌ஷன், கேஸ் கசிந்தால் கத்தும் அலாரம் என்று கடையில் கேட்டால் எல்லாம் கிடைக்கிறது. சர்வீஸ் வேலையில் இருப்பதால் இதன் மறுபக்கமும் எனக்குத் தெரியும். "வாங்கின நாள்லேர்ந்து ஒரே ரோதனைங்க, அந்தக் கம்பியக் கழட்டி விட்டுருங்க" என்பதுதான் அடிக்கடி காதில் விழும் வேண்டுகோள். கம்பி என்று அவர்கள் சொல்வது பர்னர் ஓரத்தில் தீயைக் கவனிக்கும் சென்சாரை. அந்தப் பாதுகாப்பையே நீக்கிவிடுவது பெரிய வேலை இல்லை. அடுப்பும் உடனே எரியும். ஆனால் பெரும்பாலும் பழுது அந்தக் கம்பியில் இருக்காது. பால் படிந்த முனை, நெளிந்த பாத்திரம், அடைத்துக்கொண்ட காற்றுத் துளை என்று வேறு எங்கோ இருக்கும். கம்பி அதைக் காட்டிக் கொடுத்திருக்கும், அவ்வளவுதான்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

கேஸ் வாடை அடிக்கிறது

எங்கே பழுது என்று தேடுவது அப்புறம். முதலில் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. இரண்டிலுமே சுவிட்சுக்குள் சின்னப் பொறி வரும். வாடையை வெளியே தள்ளலாம் என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறார்கள் பாருங்கள், அதுதான் மிக மோசம்.

அடுப்பு நாப்களை மூடி, ரெகுலேட்டரையும் மூடுங்கள். பிறகு ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாயில் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு அழுத்துங்கள். அந்த மூடி நூல் கட்டித் தொங்குவதே இதற்காகத்தான். இடைஞ்சலாக இருக்கிறது என்று அறுத்து எறிந்த வீடுகள் நிறைய. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதனால் ஜன்னல் மட்டும் போதாது, தரை மட்டத்தில் வழி கிடைக்கும்படி கதவுகளையும் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். வெளியே வந்தபின் 1906க்கு போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே 24 மணி நேரமும் இயங்கும் எண் அது. தீயே பிடித்துவிட்டால் 101 அல்லது 112.

வாடை முழுக்கப் போன பிறகு தேடலாம். சோப்புத் தண்ணீரைக் குழைத்து டியூப் மாட்டும் இரண்டு முனைகளிலும், ரெகுலேட்டர் உட்காரும் இடத்திலும் தடவுங்கள். கொப்புளம் வருகிற இடம்தான் கசிவு. தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கிற ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள். அப்படி ஒரு மெக்கானிக் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பெரும்பாலும் கோளாறு இருப்பது இரண்டு இடங்களில்: சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷர் வெடித்திருக்கும், அல்லது டியூப் வயதாகியிருக்கும். உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூபுக்கு ஆயுள் 5 ஆண்டு. அதன்மேல் தேதி அச்சிட்டிருப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு படியக் கூடாதென்று துணி சுற்றி வைத்தால் தேதியும் தெரியாது, விரிசலும் தெரியாது.

கேஸ் அலாரம் சும்மா சும்மா கத்துகிறது

எங்கே மாட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எல்பிஜி அலாரம் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குள், சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சிலர் சீலிங்கை ஒட்டி மாட்டிவிடுகிறார்கள். மேலே இருந்தால் தாளிப்புப் புகைக்குக் கத்தும், கேஸ் கசிந்தால் கத்தாது. பாடி ஸ்ப்ரே, பெயின்ட் தின்னர், ஸ்பிரிட் ஆவிக்கும் இது கத்தும். இவை எதுவும் இல்லாமல் கத்தினால் அதை நம்புங்கள், முதல் பகுதியில் சொன்னபடி செய்யுங்கள். சென்சாருக்கும் ஆயுள் உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் காலம் முடிந்ததும் மாற்றிவிட வேண்டியதுதான்.

நாப்பை விட்டதும் தீ அணைந்துவிடுகிறது

புதிய அடுப்புகளில் அதிகம் வரும் புகார் இது. பர்னர் ஓரத்தில் பென்சில் முனைபோல ஒரு சின்னக் கம்பி நிற்கும். அதன் பெயர் தெர்மோகப்பிள். தீ அதன் முனையைச் சுட்டால் சில பத்து மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாகும். அதற்கு பேட்டரியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். அந்தத் துளி மின்சாரம் நாப்புக்குப் பின்னால் உள்ள காந்த வால்வைத் திறந்தே பிடித்திருக்கும். தீ அணைந்தால் முனை ஆறும், காந்தம் விடும், ஸ்பிரிங் வால்வைச் சாத்திவிடும். கேஸ் நின்றுவிடும்.

அதனால்தான் பற்றவைக்கும்போது நாப்பை அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார்கள். பழைய அடுப்புப் பழக்கத்தில் பொறி வந்ததும் கையை எடுத்துவிடுகிறோம். முனை சூடேற வேண்டாமா? ஐந்து முதல் பத்து விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பாதிப் புகார் இதிலேயே தீர்ந்துவிடும்.

அப்படியும் அணைந்தால், அடுப்பு நன்றாக ஆறிய பிறகு முனையைப் பாருங்கள். பாலோ சாம்பாரோ பொங்கி வழிந்து காய்ந்து மேலே ஓடு கட்டியிருக்கும். காய்ந்த துணியால் துடையுங்கள். போகவில்லை என்றால் நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். கத்தியால் சுரண்ட வேண்டாம், மேல்தோல் போனால் கம்பி வீண். அடுத்து, பற்றவைத்து தீ எங்கே போகிறது என்று கவனியுங்கள். தீ நாக்கு முனையை நேராகத் தொட வேண்டும். கழுவித் திரும்ப வைக்கும்போது பர்னர் மூடி கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருந்தால் தீ விலகிப் போகும். பாத்திரம் இடித்து கம்பியே சாய்ந்திருக்கவும் கூடும். மூடியைச் சரியான பள்ளத்தில் உட்கார வைத்தாலே சரியாகிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது.

இதெல்லாம் பார்த்தும் நிற்கவில்லையா, அடியில் கம்பி வால்வோடு சேரும் நட்டு தளர்ந்திருக்கலாம், அல்லது தெர்மோகப்பிள் செத்திருக்கலாம். இது மெக்கானிக் வேலை. அதே மாடலுக்கான கம்பியை மாற்றச் சொல்லுங்கள். அடுப்போடு ஒப்பிட்டால் கம்பியின் விலை ஒன்றுமே இல்லை.

ஒரு விஷயம்: வேலை செய்கிற கம்பி அடுப்பை அணைக்கிறது என்றால் காற்றும் காரணமாக இருக்கலாம். ஏற்காட்டில் ஜன்னலை ஒட்டி அடுப்பு வைத்த வீடுகளில், சிறு தீயில் வைத்த பாலுக்கு இப்படி அடிக்கடி நடக்கும். கம்பி இல்லாத அடுப்பாக இருந்தால் தீ அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும், உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. ஜன்னல் பக்கம் ஒரு தடுப்பு வையுங்கள், அல்லது அடுப்பை நகர்த்துங்கள்.

பால் பொங்கி அணைந்தது, கேஸ் நிற்கவில்லை

உங்கள் அடுப்பில் அந்தக் கம்பியே இல்லை என்று அர்த்தம். நம் ஊரில் புழங்கும் அடுப்புகள் பெரும்பாலும் இப்படித்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதே என்று இதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளக் கூடாது. முத்திரை வேறு, இந்த வசதி வேறு. பழைய அடுப்பில் வெளியிலிருந்து இதைச் சேர்க்கவும் முடியாது. அடுத்த அடுப்பு வாங்கும்போது, கண்ணாடி என்ன டிசைன் என்பதற்கு முன்னால், தீ அணைந்தால் கேஸ் நிற்குமா, எல்லா பர்னருக்கும் உண்டா என்று கேளுங்கள். ஒரே ஒரு பர்னருக்கு மட்டும் வைத்துவிட்டு அட்டையில் பெரிதாகப் போடுகிறவர்களும் உண்டு.

ரெகுலேட்டருக்கும் டியூபுக்கும் நடுவில் மாட்டுகிற 'சேஃப்டி டிவைஸ்' என்று வீடு வீடாக வந்து விற்கிறார்கள். உங்கள் கேஸ் ஏஜென்சியிடம் கேட்காமல் அதை மாட்டாதீர்கள். கூடுதலாக ஒரு இணைப்பு என்றால் கசிவதற்குக் கூடுதலாக ஒரு இடம்.

தீ மஞ்சளாக எரிகிறது, பாத்திரத்தில் கரி

கேஸோடு போதிய காற்று கலக்கவில்லை. பர்னர் துளைகளை அடைப்பு நீக்கிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். பர்னருக்குக் கீழே உள்ள குழாய்க்குள் சிலந்தி வலையோ கரப்பான் குஞ்சோ இருக்கும். மெல்லிய பிரஷ் விட்டு எடுக்கலாம். கேஸ் பீய்ச்சி வரும் சின்னத் துளை உள்ள ஜெட்டை மட்டும் ஊசியால் குத்தாதீர்கள். அந்தத் துளை இம்மி பெரிதானாலும் கேஸ் அளவுக்கு மீறி வரும், மஞ்சள் இன்னும் கூடும். 'தீ பெரிசா வரணும்' என்று ஜெட்டை வேண்டுமென்றே பெரிதாக்கித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்த அடுப்பு தீ விபத்தை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது.

சேலத்தில் நீலமாக எரிந்த அதே அடுப்பை இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றி ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் நுனியில் மஞ்சள் காட்டுவது உண்டு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பர்னர் இழுக்கும் காற்றில் ஆக்சிஜனும் அந்தக் கணக்கில் குறையும். சில அடுப்புகளில் காற்று வாயைத் திருகிக் கூட்டலாம்; மெக்கானிக்கிடம் சொல்லி மேலேயே வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். குளிருக்கு எல்லா ஜன்னலையும் சாத்திக்கொண்டு மஞ்சள் தீயில் சமைப்பதுதான் ஆபத்து. அரைகுறையாக எரியும் கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாடை கிடையாது.

'டப்' என்று சத்தம், தீ பர்னருக்கு அடியில் எரிகிறது

உடனே நாப்பை மூடுங்கள். தீ மேலே எரியாமல் பின்வாங்கி ஜெட்டின் வாயில் எரிகிறது. உள்ளே இருக்கும் வால்வும் கண்ணாடியின் அடிப்பாகமும் வெந்துகொண்டிருக்கும். கண்ணாடி அடுப்பு 'தானாக வெடித்தது' என்று சொல்லும் சம்பவங்களில் இதுவும் ஒரு காரணம். பர்னர் மூடி சரியாக உட்காராதது, துளை அடைப்பு, மிகச் சிறு தீ, நைந்துபோன பர்னர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். மூடியை மாற்றியும் திரும்ப நடந்தால் அந்தப் பர்னரை உபயோகிக்காதீர்கள்.

சிலிண்டர் தீரும் நேரத்தில் தீ சிறுத்துவிட்டது

மார்கழிக் குளிரில், அதுவும் மலைமேல், சிலிண்டருக்குள் திரவம் ஆவியாவது மெதுவாகும். தீ சோம்பும். இது பழுதே இல்லை. பழுது அதன்பிறகு நாம் செய்வதுதான்: சிலிண்டரைப் படுக்க வைப்பது, குலுக்குவது, வெந்நீர் ஊற்றுவது. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். ஒரு லிட்டர் திரவம் விரிந்தால் சுமார் 250 லிட்டர் வாயு. சிறுத்திருந்த தீ திடீரென்று ஆளுயரம் எழும். கடைசி அரைக் கிலோ கேஸுக்காக இவ்வளவு வேண்டுமா என்று யோசியுங்கள். சிலிண்டர் எப்போதும் நின்றபடியே, அடுப்பைவிடத் தாழ்வாக.

எண்ணெய் புகைகிறது

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். தட்டுவடை செட்டுக்குப் பேர்போன ஊர் இது; தீபாவளி, ஆடித் திருவிழா வந்தால் வீட்டுக்கு வீடு வடச்சட்டி ஏறும். பலகாரம் சுட எண்ணெய் 170 முதல் 190 டிகிரி இருந்தால் போதும். ரீஃபைண்ட் கடலை எண்ணெய் ஏறத்தாழ 230 டிகிரியில் புகைய ஆரம்பிக்கும். 370 டிகிரியை நெருங்கினால் தீ காட்டாமலே எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும். ஒருமுறை சுட்ட எண்ணெய் இன்னும் முன்னதாகவே புகையும். போன் வந்தது, வாசலில் காய்கறி வண்டி வந்தது என்று போய்விட்டுத் திரும்பும் நேரம் இதற்குப் போதும். ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கிறது என்பதற்காக எண்ணெய்க்கும் அங்கே சலுகை உண்டென்று நினைக்காதீர்கள், எண்ணெய் பற்றும் கணக்கு மலைக்கு மலை மாறாது.

தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் கம்பி இங்கே உதவாது. தீ நன்றாகத்தானே எரிந்துகொண்டிருக்கிறது! இதற்கு வேறு சென்சார் வேண்டும். ஜப்பானில் 2008 அக்டோபர் முதல் வீட்டு கேஸ் அடுப்புகளில் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். மேசைமேல் வைக்கும் சிறிய ஒற்றை அடுப்புக்கு மட்டும் விலக்கு. பர்னர் நடுவே ஸ்பிரிங் வைத்த பொத்தான் ஒன்று பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அடிச் சூடு 250 டிகிரி அளவுக்குப் போனால் தீயைக் குறைக்கும், அப்புறம் நிறுத்திவிடும். எண்ணெய் பற்றுவதற்கு நூறு டிகிரிக்கு மேல் இடைவெளி இருக்கும்போதே கேஸ் நின்றுவிடுகிறது. நார்வேயில் 2010 முதல் புதிய வீடுகளில் மின்னடுப்புக்கு மேலே சூட்டைக் கவனித்து கரண்டை வெட்டும் காவல் கருவி கட்டாயம். அமெரிக்காவில் புதிய சுருள் மின்னடுப்புகளின் நடுவிலும் பாத்திரத்தைத் தொடும் சென்சார் வந்துவிட்டது. அங்கேயும் இதே புலம்பல்தான்: 'அடுப்பு பாதியில் விட்டு விட்டு எரிகிறது, கொதிக்க நேரமாகிறது' என்று. காரணத்தைத் தேடினால் பாத்திரத்தின் அடி நெளிந்திருக்கும்.

இந்த மாதிரி சென்சார் வைத்த அடுப்பு உங்களிடம் இருந்து, வடச்சட்டி வைத்தால் அணைந்துகொண்டே இருந்தால், காரணமும் அதுவேதான். உருண்டை அடிச் சட்டி பொத்தானில் சரியாக உட்காராது. தட்டையான அடி உள்ள கனமான பாத்திரத்துக்கு மாறுங்கள். பொத்தானின் தலையைத் துடைத்து வையுங்கள். பிசுக்குப் படிந்தால் சூட்டைத் தாமதமாக உணரும். எண்ணெயை மிகக் கொஞ்சமாக ஊற்றுவதும் தவறு. சென்சார் உணரும் முன்பே எண்ணெய் சூடேறிவிடும். காலிப் பாத்திரத்தை வறுக்க வைத்தால் சென்சார் நிறுத்துவது சரியான செயல்தான்.

சாதாரண அடுப்பில் சுடுகிறவர்களுக்கு நான் சொல்வது: பலகாரத்துக்கான தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி எண்ணெயில் வையுங்கள். சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். புகை தெரிந்தால் அடுப்பைக் குறைக்க வேண்டாம், அணைத்துவிடுங்கள். தூக்கி ஓரமாக வைக்கவும் முயலாதீர்கள்.

பற்றிவிட்டால்? நாப்பை எட்டினால் அணைத்து, சட்டியைவிடப் பெரிய எவர்சில்வர் தட்டையோ மூடியையோ பக்கவாட்டில் நகர்த்தி மூடுங்கள். கண்ணாடி மூடி ஆகாது. குறைந்தது அரை மணி நேரம் திறக்காதீர்கள். சூடு இறங்காமல் திறந்தால் காற்றுப் பட்டுத் திரும்பப் பற்றும். தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெய்க்கு அடியில் இறங்கும் தண்ணீர் நொடியில் ஏறத்தாழ 1,700 மடங்கு ஆவியாக விரிந்து, எரிகிற எண்ணெயைக் கூரைவரை வீசும். தண்ணீர் சொட்டும் ஈரச் சாக்கைப் போடுவதும் ஊற்றுவதைப் போலத்தான். தீயணைப்பான் வாங்கி வைப்பதானால் சமையல் எண்ணெய்க்கென்று 'எஃப்' அல்லது 'கே' வகை என்று போட்டிருக்கும் ஈர ரசாயன வகையைக் கேளுங்கள்.

இண்டக்‌ஷன் நின்று நின்று ஓடுகிறது, பாத்திரத்தை ஏற்க மறுக்கிறது

ஏற்க மறுத்தால் பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். சேலம் உருக்காலை இருக்கும் ஊர், எவர்சில்வருக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஆனால் எல்லா எவர்சில்வரும் காந்தத்தைப் பிடிக்காது. 304 ரக ஸ்டீல் உயர்ந்தது, ஆனாலும் காந்தம் ஒட்டாது. 430 ரகம் ஒட்டும். ஒட்டாத பாத்திரத்துக்கு அடுப்பு சூடேறாமல் இருப்பது பழுதில்லை, அதன் வேலையே அதுதான்.

நின்று நின்று ஓடினால் அடியில் காற்று வழியைப் பாருங்கள். அடுப்புக்குக் கீழே செய்தித்தாளோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டிருந்தால் உள் ஃபேன் மூச்சுத் திணறும். பிழை எண் பிராண்டுக்கு பிராண்டு மாறும், கூட வந்த புத்தகத்தைப் பாருங்கள். அப்புறம் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ மாட்டினால் பிளக் சுடும், கறுக்கும். தீ அடுப்பில் வராமல் சுவரில் வரும். 16 ஆம்பியர் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

இண்டக்‌ஷனில் எண்ணெய் பற்றாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பற்றும். சென்சார் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, அது எண்ணெயைப் பார்ப்பதில்லை. அடி நெளிந்த பாத்திரத்தில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி முழு வாட்டில் வைத்தால் சென்சார் தாமதமாகத்தான் விழிக்கும். பொரிப்பதற்கென்று தனி பட்டன் இருந்தால் அதையே அமுக்குங்கள்.

பழைய சுருள் ஹாட்பிளேட் வைத்திருப்பவர்களுக்கு: கரண்ட் போனால் நாப்பை மறக்காமல் அணையுங்கள். தொடு பட்டன் இண்டக்‌ஷன் கரண்ட் வந்ததும் நிறுத்திய நிலையிலேயே இருக்கும். நாப் வைத்த ஹாட்பிளேட் நீங்கள் ஊருக்குப் போன நேரத்தில்கூடத் திரும்பச் சூடேறும்.

சர்வீஸுக்குப் பிறகு நாப்பை அழுத்திப் பிடிக்காமலே எரிகிறது

முன்பு அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்த அடுப்பு இப்போது தொட்டதும் எரிகிறது என்றால், யாரோ அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டார்கள். சந்தேகம் இருந்தால் இப்படிச் சோதியுங்கள்: பர்னரை இரண்டு நிமிடம் எரியவிட்டு நாப்பை வழக்கம்போல மூடுங்கள். சமையலறையில் மற்ற சத்தம் இல்லாமல் காது கொடுங்கள். முனை ஆறியதும், ஒரு நிமிடத்துக்குள், அடுப்புக்குள் 'டிக்' என்று காந்தம் விடும் சத்தம் கேட்க வேண்டும். ஒவ்வொரு பர்னருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். எதில் சத்தம் வரவில்லையோ அதை உபயோகிக்காமல் வைத்து, வந்து போனவரையே கூப்பிட்டு அந்தப் பாதுகாப்பைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.